‘போயிட்டு வாரேன்’ சட்டம்

வானத்துக்கென்று தனியாக ஓர் அமைச்சரை வைத்திருந்த நாடு ஒன்று இருந்தது. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. வரைந்துகொண்டிருந்தவர் சம்பளம் வரவில்லை என்று பாதியில் எழுந்து போய்விட்டார். நாட்டின் நட்டநடுவே ஒரு பெரும் பள்ளம். இந்தப் பக்கம் மேல்வரை, அந்தப் பக்கம் கீழ்வரை. அரண்மனை, ஆஸ்பத்திரி, வேலைவெட்டி எல்லாம் கீழ்வரையில். ஜனங்களில் பாதிப் பேர் மேல்வரையில். பள்ளத்தைச் சுற்றி நடந்தால் பதினோரு நாள். பாலம் கட்டுவதற்கு அறுபது வருடமாக அடிக்கல் நாட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த அடிக்கல்களை அடுக்கியிருந்தாலே பாதிப் பாலம் வந்திருக்கும்.

பறந்து போக வழி இல்லாமல் இல்லை. அரச அன்னங்கள் இருந்தன. முதுகில் பட்டு மெத்தை, ஏறியதும் பன்னீர், இறங்கும்போது வெற்றிலை. ஒரு தடவை போக ஒரு பசுமாட்டின் விலை. ஆகவே மேல்வரைக்காரர்கள் அன்னத்தின் வயிற்றை மட்டுமே அண்ணாந்து பார்த்திருந்தார்கள்.

அப்போதுதான் பேச்சியப்பன் வந்தார். ஏரிக்கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த மனிதர். அந்த நாட்டுக் கூழைக்கடாக்கள் நம்மூர்க் கூழைக்கடாக்களைப் போல அல்ல. ஒவ்வொன்றும் ஒரு வைக்கோல்போர் கனம். ஒருநாள் அவருடைய நாலு கூடை மீனையும் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நின்ற பறவையைப் பார்த்து, “தின்ன மீனுக்கு வேலை செய்யும் வே” என்று அதன் முதுகில் பெரிய நார்க்கட்டில் ஒன்றைக் கட்டினார். பன்னிரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மூட்டை முடிச்செல்லாம் அலகுப் பைக்குள். மெத்தை கிடையாது, தண்ணீர் கிடையாது, கட்டுச்சோறு அவரவர் பாடு. கருவாடு மட்டும் கொண்டுவரக் கூடாது. முதல் வாரத்தில் ஒரு சம்பந்தி வீட்டுச் சீரில் இருந்த நெய்மீன் கருவாட்டைப் பறவை வெள்ளித் தாம்பாளத்தோடு விழுங்கிவிட்டது. தாம்பாளம் மூன்றாம் நாள் கிடைத்தது. எப்படி என்று கேட்காதீர்கள். கட்டணம் ஒரு கோழியின் விலை.

பறவை எழும்பும் பாறையில் நின்று பெயர் கூப்பிடும் வேலைக்குத் தங்கபுஷ்பம் வந்தாள். புருஷன் இல்லை, ஒரே மகள், எட்டு ஊருக்குக் கேட்கும் தொண்டை. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடித்து “ஏய், கிளம்பு!” என்று ஒரு சத்தம் போட்டால்தான் பறவைகள் இறக்கையை விரிக்கும். பேச்சியப்பனே கத்தினாலும் அவை கழுத்தைத் திருப்பி அவளைத்தான் பார்க்கும்.

ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. போகும்போது பறவை நிறைந்து போகும், வரும்போது காலியாக வரும். அன்னங்களுக்கும் அதே கதைதான். அதனால்தான் பசுமாட்டு விலை. இந்தச் சிக்கலைத் தீர்த்தது எந்த நிபுணரும் அல்ல. மேல்வரைக்காரர் யாரும் ஊரை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். அது திரும்பி வராதவர்களுக்கான சொல். கொல்லைக்குப் போனாலும் ‘போயிட்டு வாரேன்’தான். பறவை ஏறுகிறவர்கள் எல்லோரும் தங்கபுஷ்பத்திடம் அப்படிச் சொல்லிவிட்டு ஏறினார்கள். ஒருநாள் அவள் சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

“என்னைக்கு?”

“வெள்ளிக்கிழமை வாரேன் தாயி.”

சுண்ணாம்புக் கட்டியால் பாறையோரப் பலகையில் அந்தப் பெயரையும் கிழமையையும் எழுதி வைத்தாள். வெள்ளிக்கிழமை அந்த ஆளுக்கு ஓர் இடம் காத்திருந்தது. பிறகு எல்லோரையும் கேட்டாள், எல்லோரும் சொன்னார்கள், சொன்ன நாளில் வந்தார்கள். வாய்ச்சொல்தான், கட்டணம் வரும்போது கொடுத்தால் போதும். ஒரு மாதத்தில் பறவை வெறும் முதுகோடு பறப்பது நின்றுபோனது.

“தங்கபுஷ்பம், நீ செஞ்ச காரியம் என்னன்னு உனக்கே தெரியாது” என்றார் பேச்சியப்பன். “இனி கோழி விலைக்கே ஓட்டிரலாம். ஒரு முட்டை கூட வேண்டாம்.”

மூன்று வருடத்தில் ஒன்பது பறவைகள் ஆயின. காலையில் கீழ்வரை ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் சாயங்காலம் வீட்டில் கஞ்சி குடித்தார்கள். பள்ளத்தைத் தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதன் பிறகுதான் பெருகின. தங்கபுஷ்பமும் தன் மகள் செல்லக்கிளியைக் கீழ்வரையில் ஒரு கொத்தனாருக்குக் கட்டிக் கொடுத்தாள். “அவ்வளவு தூரத்துலயா?” என்று கேட்டவர்களிடம், “எங்க தூரம்? கூழைக்கடா ஏறினா ஒரு வாய் வெத்தல மெல்லுற நேரம்” என்றாள்.

அந்த நாட்டில் அமைச்சர்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஜனங்கள் கை தூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். வானத்து அமைச்சர் மேகவர்ண பூபதி மேல்வரையில் நின்று ஜெயித்தவர். ஜெயித்த அன்று கழுத்து நிறைய மாலையோடு பாறையில் நின்று, “போயிட்டு வருகிறேன், என் உயிரினும் மேலான மக்களே” என்றார். தங்கபுஷ்பம் வழக்கம்போல, “என்னைக்குங்க அய்யா?” என்று கேட்டாள். அவர் சிரித்தார். பலகையின் மூலையில் அவர் பெயரை எழுதி, நாள் எழுதும் இடத்தைக் காலியாக விட்டாள். நாலு வருடமாக அந்த இடம் காலியாகவே இருந்தது.

இதற்கிடையே அன்னங்களில் ஏற ஆள் இல்லை. மெத்தையில் ஒட்டடை. அமைச்சர் சபையைக் கூட்டினார். முதல் ஆணை வந்தது: கூழைக்கடாவின் நிழல் அன்னத்தின் மேல் விழுவது ராஜ நிந்தனை, ஆகவே கூழைக்கடாக்கள் அன்னத்துக்குக் கீழேதான் பறக்க வேண்டும். பாவம் அவை, மூடுபனிக்குள் தடவித் தடவிப் பறந்தன. ஆறு நடை போனவை மூன்று நடைதான் போக முடிந்தது. ஆனாலும் ஜனங்கள் கூழைக்கடாவையே நம்பி நின்றார்கள்.

இரண்டாவது ஆணை: ஏரி மீன் அனைத்தும் அரச அன்னங்களுக்கே உரியது.

பேச்சியப்பன் கீழ்வரைக்கு ஓடினார். அமைச்சரின் செயலர் அவரை மூன்று நாள் காக்கவைத்து நாலாம் நாள் பார்த்தார்.

“அய்யா, அன்னம் மீன் திங்காதே” என்றார் பேச்சியப்பன்.

“தின்பது வேறு, தின்னும் உரிமை வேறு” என்றார் செயலர். “அன்னம் எதைத் தின்கிறது என்பதில் அரசு தலையிடாது. அதன் உரிமையை மட்டுமே அரசு பாதுகாக்கிறது.”

“அப்ப என் பறவைங்க?”

“போட்டியில் பசி சகஜம்” என்று சொல்லிவிட்டுச் செயலர் சாப்பிடப் போனார்.

பறவைகள் மெலிந்தன. கழுத்துத் தோல் தொங்கியது. ஒரு காலையில் ஆறு பறவைகள் கட்டிலை உதறிப் போட்டுவிட்டு மீன் இருக்கும் வேறு நாட்டைத் தேடிப் பறந்துவிட்டன. மிச்சம் மூன்று. அவை ஏன் நின்றன என்று யாருக்கும் தெரியாது. தங்கபுஷ்பம் தன் வீட்டுச் சோற்றை உருட்டி உருட்டி அவற்றின் வாயில் போட்டது ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்புறம் அரவணைப்பு வந்தது. செயலர் குடையும் கொம்புமாக மேல்வரைப் பாறைக்கு வந்து ஓலையை வாசித்தார். “நலிவுற்ற கூழைக்கடா நிறுவனத்தை மாட்சிமை பொருந்திய அரசு தாயினும் சாலப் பரிந்து தன் மடியில் ஏந்திக்கொள்கிறது. இது வாங்குதல் அன்று. அரவணைத்தல்.”

“நலிய வச்சது யாருய்யா?” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் ஓலையில் இல்லாததால் செயலர் அதைக் கவனிக்கவில்லை.

பேச்சியப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “பறவைங்களுக்கு மீன் போடுவியளா?”

“தினமும்.”

கைநாட்டு வைத்தார். வைத்துவிட்டுப் பறவையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அரசு அவருக்குக் கௌரவச் சிறகு ஆலோசகர் என்று ஒரு பட்டமும் கீழ்வரை இறங்குதுறையில் முதுகு சாய்மானம் இல்லாத ஒரு நாற்காலியும் கொடுத்தது. ஆலோசனை மட்டும் யாரும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அந்தப் பக்கம் திரும்புகிறவர்களின் பெயர்களைக் கூப்பிடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். தங்கபுஷ்பம் பலகையில் உள்ளதை ஓர் ஓலையில் எழுதிப் பறவையின் கழுத்தில் கட்டி அனுப்புவாள். அவர் அதைப் பார்த்துக் கூப்பிடுவார். அந்தப் பக்கம் காதில் விழும்படி “ஏய், கிளம்பு!” என்று இந்தப் பாறையிலிருந்தே சத்தம் போடுவாள்.

மூன்று பறவைகளுக்கும் சுண்ணாம்பு அடித்து ‘மக்கள் அன்னம்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரே நிறுவனத்தில் இரண்டு வகை அன்னம் எதற்கு என்று நிஜ அன்னங்களுக்கு ஓய்வு கொடுத்துக் குளத்தில் விட்டார்கள். அவை தின்று கொழுத்துப் பறக்க மறந்தன. கட்டணம் ஆட்டு விலை ஆனது. “அன்னத்தில் பறக்கும் பாக்கியம் ஏழைக்கும் கிடைத்தது” என்று அமைச்சர் சபையில் சொன்னபோது பலர் கண்ணீர் விட்டார்களாம்.

ஆட்டு விலையும் அரண்மனைக்குப் போதவில்லை. செயலர் ஒருநாள் பாறைக்கு வந்து பலகையை உற்றுப் பார்த்தார்.

“என்ன இது?”

“போயிட்டு வாரேன்னு சொன்னவங்க பேருங்க அய்யா. வருவாக.”

“வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்களா? எல்லோருமா?” செயலரின் கண் விரிந்தது. “அட, இவ்வளவும் ஒப்பந்தம் அல்லவா!”

பத்தாம் நாள் சட்டம் வந்தது. பாறையில் கல்வெட்டாகவே செதுக்கினார்கள். ‘போயிட்டு வாரேன் என்று சொல்பவர், திரும்பி வருவதாக அரசுடன் ஒப்பந்தம் செய்தவராவார். அவர் இரண்டு கட்டணத்தையும் ஏறுமுன்னே செலுத்தக் கடவர். போறேன் என்பவருக்கு ஒரு கட்டணமே போதும். ஆனால் அவ்வாறு சொல்லிவிட்டுத் திரும்பிவந்து அரசை ஏமாற்றாதபடி, ஐந்து ஆண்டுகளுக்கு அவருக்குத் திரும்பும் இடம் கிடையாது. எதுவும் சொல்லாதவர் மூட்டையாகக் கருதப்பட்டு அலகுப் பையில் ஏற்றப்படுவார். சொன்ன வரிசையே வரிசை. அதை மீற மன்னனுக்கும் உரிமை இல்லை.’ கடைசி இரண்டு வாக்கியங்கள் சபையில் கைதட்டல் வாங்குவதற்காக அமைச்சரே சேர்த்தவை.

கல்வெட்டைத் திறந்த அன்று காலை முதல் பறவைக்கு நின்றவர்களில் முதல் ஆள் செல்லக்கிளி. நாலு மாதக் கர்ப்பம். அம்மாவைப் பார்த்துவிட்டுப் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு வந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் தங்குவதாகப் பேச்சு. முந்தானையில் ஓர் ஆட்டின் விலைதான் முடிந்திருந்தாள். தண்டோராக்காரன் சட்டத்தை வாசித்து முடித்தபோது பறவை இறக்கையை உதறிக்கொண்டிருந்தது.

“நீ இன்னைக்குப் போவாண்டாம்ட்டி” என்றாள் தங்கபுஷ்பம்.

“நாளைக்கு மட்டும் சட்டம் மாறிருமா? அவுக சாரத்துலேர்ந்து விழுந்து கால் வீங்கிக் கெடக்காவம்மா. தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் இல்ல.”

“அப்ப பேசாம ஏறிக்கோ. வாயே திறக்காத.”

செல்லக்கிளி அலகுப் பையைப் பார்த்தாள். உள்ளே மூட்டைகளும் ஒரு ஆட்டுக்கல்லும் உருண்டுகொண்டிருந்தன. வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். காவலன் கம்பைத் தட்டினான். “சொல்லும்மா, சொல்லு. ஆள் நிக்குதுல்ல?”

“போறேம்மா” என்றாள்.

பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, “அய்யோ, மக்கா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தங்கபுஷ்பம் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். எழுதுவது அவள் வேலை. ‘போறேன்’ என்று சொன்னவர்களுக்கெனப் பலகையில் புதிதாகக் கோடு போட்ட பக்கத்தில், ஒன்று என்ற எண்ணுக்கு நேரே, தான் பெற்ற மகளின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். பிறகு கிளம்பச் சொல்லிச் சத்தம் போட வேண்டியிருந்தது. இரண்டு தடவை போட்டும் குரல் வரவில்லை. மூன்றாவது தடவைதான் பறவைக்குக் கேட்டது.

அடுத்து வந்த மாதங்களில் பாறை ஊமையாகிவிட்டது. வசதி உள்ளவர்கள் ‘போயிட்டு வாரேன்’ சொன்னார்கள். இல்லாதவர்கள் தலையைக் குனிந்து அந்தச் சொல்லைச் சொன்னார்கள், சொல்லிவிட்டு மண்ணில் துப்பினார்கள். கீழ்வரையில் வேலை முடிந்து திரும்ப வழியில்லாதவர்கள் இறங்குதுறையை ஒட்டிக் குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். செல்லக்கிளியின் வளைகாப்பு நாள் வந்து போனது. தங்கபுஷ்பம் வாங்கி வைத்த கண்ணாடி வளையல்கள் பானைக்குள்ளேயே இருந்தன. அவளாவது போய்வரலாமென்றால், பாறை ஊழியர் பாறையை விட்டு நகரக் கூடாது என்று வேறோர் ஆணை. மனுக் கொடுத்தாள். ‘கல்லில் செதுக்கியதைத் திருத்த உளித்துறையை அணுகவும்’ என்று பதில் வந்தது. உளித்துறை என்று ஒன்று இருக்கவில்லை.

மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தபோது அமைச்சர் வந்தார். மக்கள் அன்னத்துக்கு இரண்டாம் பூச்சுச் சுண்ணாம்பு அடிக்கும் விழா. தேர்தலுக்கு ஒன்பது நாள் இருந்தது. வேட்பாளர் பெயர் கொடுப்பது மறுநாள்தான், மேல்வரையில் ஒரு ராத்திரி தங்க அவருக்கு மனம் இல்லை. விழா முடிந்து அவர் பறவை ஏறப் பாறைக்கு வந்தபோது செயலர் அவர் காதில் குனிந்தார். காது சரியாகக் கேட்காத அமைச்சர் ஆதலால் அந்த ரகசியம் தங்கபுஷ்பத்துக்கும் கேட்டது.

“அய்யா, போயிட்டு வாரேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சட்டப்படி ஒப்பந்தம். போன தடவை சொல்லிவிட்டு ஐந்து வருடம் வராததையும் இந்தப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கேஸ் ஆகிவிடும்.”

அமைச்சர் பலகையின் மூலையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “மக்களே! சட்டத்தின் முன் நானும் நீங்களும் ஒன்று. இதோ, முன்னுதாரணமாகச் சொல்கிறேன். நான் போகிறேன்!”

ஒரு கிழவர், “விளக்கு வைக்கிற நேரத்துல இது என்ன பேச்சு?” என்று முனகினார். தங்கபுஷ்பம் எழுதினாள்: முந்நூற்றுப் பதிமூன்று, மேகவர்ண பூபதி.

மறுநாள், வேட்பாளர்கள் பெயர் கொடுக்கும் நாள். அந்த நாட்டு விதிப்படி, சூரியன் மறைவதற்குள் தன் தொகுதி மண்ணில் நின்று பெயர் சொல்ல வேண்டும். அன்று மதியத்துக்குச் சற்று முன் தங்கபுஷ்பம் பாறையில் நின்று பள்ளத்தின் மேல் கண் வைத்திருந்தாள். கீழ்வரை மகாராசாக்கள் யாராவது ஏறி வருவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். பனிக்குள்ளிருந்து பறவை வெளியே வந்தது. மழையில் சுண்ணாம்பு கரைந்து பாதி வெள்ளை, பாதி பழைய நிறம். கட்டிலில் பன்னிரண்டு பேர். முன் வரிசையில் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி.

தங்கபுஷ்பம் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே போட்டாள்.

“வந்துட்டேம்மா” என்றாள் செல்லக்கிளி.

“எப்படிட்டி? எப்படி விட்டாங்க?” என்று கேட்டுக்கொண்டே மகளின் முகத்தையும் கையையும் தடவினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பலகையில் முதல் பெயரை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

செல்லக்கிளி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். காலையில் அமைச்சர் மேல்வரைக்குப் புறப்படப் பட்டு வேட்டியோடு இறங்குதுறைக்கு வந்தாராம். பேச்சியப்பன் ஓலையைப் பார்த்து, “அய்யா, நீங்க போறேன்னு சொன்னவராச்சே. அஞ்சு வருசத்துக்கு இடம் கிடையாதே” என்றாராம். அமைச்சர் குதித்தாராம். நிஜ அன்னத்தைக் கொண்டுவரச் சொன்னாராம். அது நாலடி தத்திவிட்டு உட்கார்ந்துவிட்டதாம். செயலர் ஓடிப் போய் ஒரு நாழிகையில் மன்னரிடம் முத்திரை வாங்கிவந்தாராம். உளியெல்லாம் தேவைப்படவில்லை. ‘வாய்தவறியோ, அவசரத்திலோ, சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தோ போறேன் என்று சொன்ன அனைவரும், போயிட்டு வாரேன் என்று சொல்லி இரண்டு கட்டணமும் செலுத்தியவர்களாகவே கருதப்படுவர்.’

“அனைவரும்னு ஏன் எழுதுனாங்க?”

“ஒத்தை ஆளுக்குச் சட்டம் போட்டா ஊர் சிரிக்கும்னு அந்தச் செயலர்தான் சொன்னாராம். அப்புறம் பேச்சியப்பன் மாமா எந்திரிச்சு நின்னு, ‘சொன்ன வரிசையே வரிசை, மன்னனுக்கும் உரிமை இல்லை, இது அய்யா எழுதுனது’ன்னு சொல்லிட்டு, எனக்கு ஆள் அனுப்பி என் பேரத்தான் முதல்ல கூப்பிட்டாரும்மா. குடிசையில இருந்தவங்க அத்தனை பேரும் ஓடி வந்து அமைச்சருக்கு முன்னால வரிசையா நின்னுட்டாங்க. அவரைக் கடைசியில நிக்கச் சொல்லி ஒரு குடை குடுத்தாக.”

மூன்று பறவைகள். பகல் முழுதும் முதுகு நிறைய நிறைய ஆட்கள் வந்தார்கள். இறங்கியவர்கள் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தங்கபுஷ்பம் ஒவ்வொரு பெயராகத் துடைத்தாள். ஒவ்வொரு நடைக்கும் தொண்டை கிழியச் சத்தம் போட்டாள். இத்தனை நாளும் அடைத்துக் கிடந்த தொண்டை அன்றைக்குத்தான் திறந்தது. சூரியன் மறைந்தபோது பலகையில் இன்னும் இருநூறு பெயருக்கு மேல் இருந்தன. கடைசிப் பெயர் அமைச்சருடையது. தேர்தல் அதிகாரி ஏட்டை மூடினார்.

செல்லக்கிளிக்கு நாலாம் நாள் தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் ஜனங்கள் வேறொருவருக்குக் கை தூக்கினார்கள். சின்ன வயதுக்காரர், நல்ல பேச்சு. ஏரி மீனைப் பறவைகளுக்கே திருப்பித் தருவேன், கட்டணத்தைக் கோழி விலைக்கே கொண்டுவருவேன், பேச்சியப்பனிடம் நிறுவனத்தை ஒப்படைப்பேன் என்று சொல்லியிருந்தார். கழுத்து நிறைய மாலையோடு பாறைக்கு வந்தார். பறவையில் ஏறி உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

“போயிட்டு வாரேன் தாயி” என்றார்.

எவ்வளவு காலம் கழித்துப் பாறையில் அந்தச் சொல் சத்தமாகக் கேட்டது! கூட்டம் கைதட்டியது. தங்கபுஷ்பம் பலகையில் அவர் பெயரை எழுதினாள். நாள் எழுதும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியை ஊன்றியபடி திரும்பினாள்.

“என்னைக்குங்க அய்யா?”

அவர் சிரித்தார். கூடவே அவரோடு வந்தவர்களும் சிரித்தார்கள். பறவை கழுத்தை வளைத்து அவளைப் பார்த்தது. அவள் சத்தம் போடாமல் அது எழும்பாது.

“நாள் சொல்லுங்க அய்யா” என்றாள் தங்கபுஷ்பம். “எழுதிட்டுத்தான் கிளம்பச் சொல்லணும்.”